பீரோவுக்குள் ஒரு மானிட்டர்

பெரியவளுக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை அவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். யாரும் கேட்காமலே சொல்லியிருக்கிறாள் என்பதில்தான் கொஞ்சம் இடிக்கிறது.

மாடியில் குடும்பம், கீழே ஃபோட்டோ ஸ்டூடியோ. மாமனார் தொடங்கிய கடை. மூத்த மகன் கேமராப் பையை மாட்டிக்கொண்டு வெளிவேலைக்குப் போவான். அவன் எடுத்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெளிச்சமும் நிறமும் சரிபார்த்து, பக்கம் பக்கமாக ஆல்பத்தில் அடுக்குவது அவன் மனைவி பெரியவளின் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தவள்தான். அப்புறம் அவள் கைபடாத ஒரு பக்கம்கூட அந்தக் கடையிலிருந்து வெளியே போனதில்லை.

கடையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லார் வாயிலும் ஒரே பதில்தான்: "பெரியவளைக் கேளு." அச்சகத்துக்கு எந்த அளவில் அனுப்புவது? பெரியவளைக் கேளு. கண்ணை மூடிக்கொண்ட பையனுக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்ட முடியுமா? பெரியவளைக் கேளு. மாமனாரின் மூக்குக்கண்ணாடி எங்கே? அதற்கும் அவளைத்தான் கேட்க வேண்டும். "எல்லாத்துக்கும் நான்தானா?" என்று அலுத்துக்கொண்டேதான் பதில் சொல்வாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தினமும் காலையில் படியிறங்கி வந்தாள்.

பிறகு சின்னவள் வந்தாள். கொழுந்தனின் மனைவி. கொழுந்தனுக்கு ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை; அவளும் டிசைன் படித்தவள். பெரியவளுக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டு உட்கார வைத்தார்கள். வாய்க்கு வாய் அக்கா. "அக்கா, இது எப்படிக்கா?", "அக்கா, இந்தப் பொண்ணோட நெத்தி ரொம்பப் பளபளன்னு இருக்கே, என்னக்கா பண்றது?" பெரியவளும் வாரி வழங்கினாள். கேட்கிறவள் இருந்தால் சொல்கிறவளுக்கு என்ன கஷ்டம்? ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருவரும் இருந்தார்கள்.

கொழுந்தன்தான் கெடுத்தான். மனைவி கழுத்தை வளைத்து வளைத்து வேலை செய்கிறாளே என்று பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி வந்து, பழையதற்குப் பக்கத்தில் இரண்டாவதாக வைத்துவிட்டான்.

அதுவரை ஆல்பம் பார்க்க வருகிறவர்கள், டிசைன் செய்கிறவளின் தோளுக்கு மேலே எட்டி எட்டித்தான் பார்க்க வேண்டும். இப்போது சின்னவள் இரண்டாவது திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டாள். கருவிகளும் கட்டங்களும் அவளுடைய பழைய திரையில்; புதுத் திரையில் பக்கம் மட்டும், வேறு எந்த இடைஞ்சலும் இல்லாமல் முழுதாக. வந்தவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, "அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கும்மா" என்றார்கள். ஆக்கினாள். "அடேயப்பா!" என்றார்கள். அந்த அடேயப்பா பெரியவளின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. அந்த மாதம் முடிவதற்குள் கடையில் பல்லவி மாறிவிட்டது: "சின்னவளைக் கேளு."

எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்து மாமனாரிடம் பேச்சை எடுத்தாள். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீதான் ஒத்தை ஸ்கிரீன்லயே பின்னி எடுக்கறியே!" பாராட்டைக் கேட்டு வயிறு எரிந்தது அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவை.

ஆறுதலாக ஒரு விஷயம் நடந்தது. இரண்டாவது திரை சும்மா இருக்கவில்லை. ஒருநாள் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி சிறுத்துப் போனது. ஒருநாள் வலது திரைக்குப் போக மௌஸை இடது பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. இன்னொரு நாள் ஒரே முகம் ஒரு திரையில் ரோஜா நிறத்திலும் அடுத்ததில் மஞ்சள் காமாலை வந்தது போலவும் தெரிந்தது. சின்னவள், "சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கும்க்கா, அதான்" என்று தலையைப் பிடித்துக்கொள்வாள். "அய்யோ பாவம்" என்பாள் பெரியவள். அந்த நாட்களில் அவளுக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

கோளாறுக்குக் காரணம் அப்டேட் அல்ல, மாமனார். எப்போதோ ஒருமுறை இடி விழுந்து கடையின் பிரிண்டர் கருகிப்போனதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் கடை சாத்தும்போது ஒயர் என்று கண்ணில் பட்டதை எல்லாம் பிடுங்கிவிடுவார். காலையில் அவரே வந்து, கைக்குத் தட்டுப்படுகிற ஓட்டையில் எல்லாவற்றையும் செருகுவார். ஒரு திரை இருந்தவரை அதனால் பாதகமில்லை. இரண்டு திரை வந்த பிறகு, கம்ப்யூட்டருக்குத் தினமும் புது ஊருக்குக் குடிவந்த கதைதான். எது முதல் திரை, எது இரண்டாவது, எது வலது, எது இடது என்று அதற்குத் தலைகால் புரிவதில்லை.

இது பெரியவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அங்கேதான் இருக்கிறது சங்கதி.

அவளுடைய தம்பி வேலை பார்க்கும் ஆபீஸில் பழைய மானிட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். "ஒண்ணு எடுத்து வைடா" என்றாள். கணவனை அனுப்பி, போர்வையில் சுற்றி, ஆள் இல்லாத நேரம் பார்த்து மாடிக்குக் கொண்டுவந்து படுக்கையறை பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தாள். மத்தியானம் கடைக்குச் சாப்பாட்டு இடைவேளை. மாமனார் கண்ணயர்வார், சின்னவள் அம்மாவுடன் ஃபோனில் இருப்பாள். அந்த நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு மானிட்டரை வெளியே எடுத்து கணவனின் பழைய லேப்டாப்பில் மாட்டுவாள். நேரமானதும் கழற்றி பீரோவில் வைப்பாள். தினமும் மாட்டிக் கழற்றியதில், மாமனார் கீழே செய்த அத்தனை குளறுபடியும் மேலே அவளுக்கும் வந்தது. எழுத்து சிறுத்தது, நிறம் மாறியது, மௌஸ் திசை தப்பியது. யாரையும் கேட்க முடியாது. கேட்டால் பீரோவைத் திறக்க வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து, திட்டித் திட்டி, ஒவ்வொன்றாக அவளே கண்டுபிடித்தாள். சின்னவள் ஒரு திரையோடு மல்லுக்கட்டும்போது, அதற்கு மருந்து இன்னதென்று பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு நன்றாகவே தெரியும். வாயைத்தான் திறக்கவில்லை.

கணவன் மட்டும் ஒருநாள், "இதை நீ கீழயே வச்சுக்கலாமே" என்றான்.

"நீங்க சும்மா இருங்க. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள். அவனிடம் போய் அப்படிச் சொன்னாளே, அவளைச் சொல்ல வேண்டும். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்றுதான் பெயர்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்து வேலை வந்தது.

அந்தப் பள்ளியின் ஆண்டு மலர் வருஷா வருஷம் இந்தக் கடையில்தான் தயாராகும். தலைமையாசிரியை நேரில் வந்து பெரியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். எந்தப் பிள்ளையும் பக்கத்தின் மடிப்பில் மாட்டிக்கொண்டு பாதி முகமாகிவிடக் கூடாது என்பது அவர் கண்டிப்பு. ஆண்டு மலர் என்றால் பெரியவள், பெரியவள் என்றால் ஆண்டு மலர். மற்ற எல்லாம் கைவிட்டுப் போனாலும் அது ஒன்று இருக்கிறது என்றுதான் அவள் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

"இந்தத் தடவை சின்னவள் பண்ணட்டும்" என்றார் மாமனார். "டீச்சருக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்காம். எட்டிப் பாக்க முடியாது. சின்னவகிட்டதான் ரெண்டு ஸ்கிரீன் இருக்கு."

"அதுக்கென்ன மாமா? யார் பண்ணா என்ன?" என்றாள் பெரியவள். மாடிக்குப் போனாள். அன்று சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

தலைமையாசிரியை வருகிற நாளும் வந்தது. அன்றே பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மறுநாள் அச்சுக்குப் போகும். மத்தியான மணி அடிப்பதற்குள் அவர் பள்ளிக்குத் திரும்பியாக வேண்டும். சின்னவள் புதுப் புடவை கட்டி, மேஜையைத் துடைத்து, இரண்டாவது திரையை நாற்காலிப் பக்கம் திருப்பிவைத்துத் தயாராக இருந்தாள். தலைமையாசிரியை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சின்னவள் ஆல்பம் புரோகிராமைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

புதுத் திரை இருட்டாக, 'சிக்னல் இல்லை' என்று மட்டும் காட்டியது. பழைய திரையிலும் புரோகிராம் இல்லை. ஆனால் கீழே வரிசையில் அதன் சின்னம் எரிந்துகொண்டிருந்தது. திறந்துதான் இருக்கிறது, ஆளைத்தான் காணோம். மறுபடி சொடுக்கினாள். மௌஸின் அம்பு வலது ஓரத்தைத் தாண்டி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கம்ப்யூட்டர் பின்னால் குனிந்து ஒயரை அழுத்திப் பார்த்தாள். நிறுத்தித் திறந்தாள். மறுபடியும் அதே கூத்து.

பெரியவள் தன் மேஜையிலிருந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. மாமனார் காலையில் ஒயரை மானிட்டரின் பின்னால் வேறு ஓட்டையில் செருகியிருக்கிறார். மானிட்டர் பழைய ஓட்டையையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது. கம்ப்யூட்டரோ திரை இருக்கிறது என்று நம்பி, பக்கத்தை அந்த இருட்டில் கொண்டுபோய் விரித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு இடது அம்பை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். போன வாரம்தான் மாடியில் தட்டினாள்.

எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். "என்னம்மா ஆச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு!"

"தெரியலக்கா. புரோகிராமே போயிடுச்சுன்னு நினைக்கிறேன்." சின்னவள் இன்னொரு தரம் சொடுக்கினாள். "அக்கா, உங்களுக்கு எப்பவாவது இப்படி ஆயிருக்கா?"

"எனக்கா? இல்லையேம்மா."

தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமனார் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். சின்னவளைப் பார்த்தார், இருட்டுத் திரையைப் பார்த்தார், பிறகு பழைய பழக்கம் வாயில் வந்தது. "பெரியவளே, உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

எத்தனை மாதமாக ஏங்கிய வார்த்தை! நாலு பேர் முன்னால், தங்கத் தட்டில் வைத்து நீட்டியது போல வந்தது. சொல்லிவிடலாம். சொன்னால் வேலை நடக்கும், ஆனால் நடப்பது சின்னவளின் திரையில். டீச்சர் அடேயப்பா சொல்வதும் அவளுக்கு. சொல்லாமல் இருந்தால் இன்னும் சற்று நேரத்தில் டீச்சர் எழுந்து, தானாகவே இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். வருஷா வருஷம் உட்கார்ந்த இடம்தானே.

"எனக்கென்ன மாமா தெரியும்?" என்றாள். "என்கிட்ட ஒரு ஸ்கிரீன்தானே இருக்கு."

சின்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அழுது பெரியவள் பார்த்ததில்லை. உள்ளே எங்கோ சுருக்கென்றது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதேம்மா. மெஷின்தானே. டீச்சர் வேணும்னா என் பக்கம் உக்காந்து பாக்கட்டும். படமெல்லாம் எனக்கு மாத்திக் குடு, நான் அடுக்கிக் காட்டறேன்."

தலைமையாசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

அப்போது கேமராப் பையோடு ரேடியோ உள்ளே வந்தது. வந்தவனுக்கு எதுவும் தெரியாது. இருட்டுத் திரையைப் பார்த்தான், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"அட, இது நம்ம ரூம் மானிட்டர்ல வந்த அதே வியாதிதானே! ரெண்டு மூணு பட்டனை அமுக்கி ஒரு நொடியில வரவழைச்சியே. சொல்லிக் குடேன், ஏன் எல்லாரும் இழவு விழுந்த மாதிரி நிக்கறீங்க?"

மாமனார் மெதுவாகக் கேட்டார்: "நம்ம ரூம்லயா? எந்த மானிட்டர்?"

"பீரோல வச்சிருக்காளே, அதுப்பா." அதற்குப் பிறகுதான் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை என்பதைக் கவனித்தான். கவனித்து என்ன பயன்? போட்டு உடைத்தாகிவிட்டது.

சின்னவளின் முதுகில் பெரியவளின் கை இன்னும் இருந்தது. அதை எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சின்னவளே கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொண்டாள். பிறகு எழுந்து, நாற்காலியை விட்டு விலகி நின்றாள். உட்காருங்கள் என்று வாயால் சொல்லவில்லை.

பெரியவள் உட்கார்ந்தாள். பட்டன்களைப் பிடித்தாள், அம்பைத் தட்டினாள். வந்து நின்றது பக்கம். மரத்தடியில் ஒரு வகுப்புப் பிள்ளைகள், வாய் கொள்ளாத சிரிப்போடு. ஒரு முகம்கூட மடிப்பில் சிக்கவில்லை. பக்கம் ரொம்ப நன்றாக இருந்தது. தான் செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தெரிந்தது, அந்த நிலையிலும் வயிறு எரிந்தது. எழுந்து திரையின் பின்னால் போய் ஒயரைக் கழற்றி, சரியான ஓட்டையில் மாட்டினாள். புதுத் திரையும் விழித்துக்கொண்டது.

தலைமையாசிரியை மறுபடி உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் பார்த்து, ஒப்புக்கொண்டு, மணிக்கு முன்னால் கிளம்பினார். போகும்போது பெரியவளை ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ வருஷமாக வகுப்பின் பின்வரிசையைப் பார்த்துப் பழகிய கண். மாமனாரிடம் சின்னவளைக் காட்டி, "அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணே பண்ணட்டும்" என்றார்.

வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பாள். மாமனார், "உனக்கும் வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றதோடு சரி. மறுநாள் கணவன் பீரோவிலிருந்து மானிட்டரை எடுத்து, போர்வை கூடப் போர்த்தாமல், பட்டப்பகலில் படியிறக்கிக் கொண்டுவந்து அவள் மேஜையில் மாட்டிவைத்தான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதன் பக்கம் திரும்பத்தான் அவளுக்குக் கண் கூசியது.

இரண்டு நாள் பொறுத்து, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவளே பேச்சை எடுத்தாள். "பொறாமைதாம்மா. வேற ஒண்ணுமில்ல. உன் மேல கோபம்கூட கிடையாது."

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள். "பொறாமைப்பட்டது தப்புன்னு நான் சொல்லல. முதுகைத் தடவிக் குடுத்தீங்களே, அதைத்தான் மறக்க முடியல." சொல்லிவிட்டு வேலையில் குனிந்துகொண்டாள்.

அதன்பிறகு அவள் முகம் கோணி யாரும் பார்க்கவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டாள், சாப்பாடு பரிமாறினாள், தலைவலி என்றால் தைலம் எடுத்துக் கொடுத்தாள். மாமனார் ஒயரைப் பிடுங்குவதையும் விடவில்லை, செருகுவதையும் விடவில்லை.

ஒருநாள் காலை, ஆல்பம் பார்க்க ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். சின்னவளின் இரண்டாவது திரையில் முகங்களெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தன. மானிட்டரின் நிற அமைப்பைக் கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும். பெரியவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சின்னவள் கணவனுக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கம்ப்யூட்டரை நிறுத்தித் திறந்தாள். மஞ்சள் போகவில்லை. இன்னொரு தரம் நிறுத்தினாள்.

பெரியவள் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "அது கலர் செட்டிங்தாம்மா. நான் பாக்கட்டுமா?"

"வேண்டாம்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? தானா வந்துடும்." நல்ல முகத்தோடுதான் சொன்னாள்.

வந்திருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இங்க வேற யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாரேன்."

சின்னவள் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள், "கேக்கறதுக்கு இங்க யாரும் இல்லீங்க."

குத்திக்காட்டச் சொன்னது போலவே இல்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டால் சொல்வாளே, அந்தக் குரல்தான். பக்கத்து மேஜையில் பெரியவள் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.